அலும்னி என்பது ஒருவரா, பலரா? மூன்று மொழிக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு லத்தீன் சொல்

பட்டமளிப்பு விழாக் காலம் வந்துவிட்டால் முகநூலிலும் லிங்க்ட்இன்னிலும் ஒரே வாசகம் வரிசைகட்டும்: "ஐ ஆம் அன் அலும்னி ஆஃப் யூ.எம்." அதாவது, "நான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்." கீழே ஒருவர் வந்து, "அலும்னி பன்மை, அலம்னஸ் என்று எழுத வேண்டும்" என்று திருத்துவார். அடுத்தவர், "எழுதியவர் பெண், அதனால் அலம்னா" என்பார். மூன்றாமவர், "பல்கலைக்கழகங்களே மலாயில் 'செஓராங் அலும்னி' (ஓர் அலும்னி) என்றுதானே எழுதுகின்றன?" என்று கேட்பார்.

மூவர் சொல்வதும் சரி. முதலிருவர் ஆங்கிலத்தின் வழக்கைச் சொல்கிறார்கள், மூன்றாமவர் மலாயின் வழக்கைச் சொல்கிறார். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வாழும் தமிழருக்கு இந்தச் சொல் ஒரே நாளில் மூன்று மொழியிலும் எதிர்ப்படுகிறது. ஆங்கிலத்தில் வேலை விண்ணப்பம், மலாயில் சங்கக் கடிதம், தமிழில் ஒன்றுகூடல் அழைப்பிதழ். விதி மொழிக்கு மொழி வேறு என்பது பிடிபட்டால் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே தீரும்.

குறியீடு பற்றி ஒரு சொல். இக்கட்டுரையில் ஆங்கில வடிவங்களை அலம்னஸ், அலம்னா, அலம்னை, அலம்னீ என்றும், மலாய்ச் சொல்லை அலும்னி என்றும் எழுதியிருக்கிறோம்.

வேர்: வளர்த்தவர் யார், வளர்ந்தவர் யார்

லத்தீனில் 'அலெரே' என்ற வினைக்கு ஊட்டு, ஊட்டி வளர் என்று பொருள். அதிலிருந்து பிறந்தது 'அலும்னுஸ்'. ஊட்டி வளர்க்கப்பட்டவன் என்பது அதன் நேர்ப்பொருள். பண்டைய ரோமில் வளர்ப்புப் பிள்ளையைத்தான் இப்படி அழைத்தார்கள். அக்காலக் கல்லறைக் கல்வெட்டுகளில் வளர்த்தவரையும் வளர்ப்புப் பிள்ளையையும் சேர்த்துக் குறிக்கும்போது இச்சொல் வரும். பின்னர் ஆசிரியரிடம் வளர்ந்த மாணவனுக்கும், அதன்பின் ஒரு கல்விக்கூடத்தில் படித்து வெளியேறியவருக்கும் பொருள் நீண்டது.

பள்ளி விழா மேடைகளில் அடிபடும் 'அல்மா மேட்டர்' இதே வேரில் பிறந்தது. 'ஊட்டி வளர்க்கும் தாய்' என்று பொருள். இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகம் தன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'அல்மா மேட்டர்' என்பதை வைத்திருக்கிறது. அது தொடங்கிய ஆண்டாக 1088ஐச் சொல்வது மரபு. 'மேட்டர்' பெண்பால் சொல் என்பதால் அதற்கு அடையாக வரும் 'அல்மா'வும் பெண்பால். படித்தது ஆண்கள் பள்ளியாக இருந்தாலும் இது மாறாது, ஏனென்றால் இங்கே பால் தாய்க்கு உரியது, பிள்ளைக்கு உரியதன்று.

மணமுறிவுக்குப்பின் தரும் ஜீவனாம்சத்துக்கான ஆங்கிலச் சொல்லான 'அலிமனி'யும் இந்த ஊட்டும் வேரிலிருந்தே வந்தது. சங்கச் சந்தா கேட்டுக் கடிதம் வரும்போது சிலருக்கு இந்த உறவு புரியக்கூடும்.

நான்கு வடிவங்கள்

லத்தீன் பெயர்ச்சொல்லில் பாலையும் எண்ணையும் விகுதி சொல்லிவிடும். இந்தச் சொல்லின் முதல் ஐந்து எழுத்துகள், அதாவது ஏ, எல், யூ, எம், என், நான்கு வடிவத்திலும் ஒன்றுதான். கடைசியில் என்ன வருகிறது என்பதே வேறுபாடு.

1. யூ-எஸ் என்று முடிந்தால் அலம்னஸ்: ஓர் ஆண்.
2. ஏ என்று முடிந்தால் அலம்னா: ஒரு பெண்.
3. ஐ என்று முடிந்தால் அலம்னை: பல ஆண்கள், அல்லது ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம்.
4. ஏ-ஈ என்று முடிந்தால் அலம்னீ: பெண்கள் மட்டுமே உள்ள கூட்டம்.

எடுத்துக்காட்டாக மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானைச் சொல்லலாம். அவர் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலின் அலம்னஸ், கேம்பிரிட்ஜின் செயின்ட் கேத்தரின் கல்லூரிக்கும் அலம்னஸ். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் முன்னாள் தலைவர் அம்பிகா சீனிவாசன் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர், ஆகவே எக்ஸிட்டரின் அலம்னா. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த துங்குவையும் திரைக்கலைஞர் பி. ரம்லியையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தால் அலம்னை. பினாங்கின் பெண்கள் பள்ளியான லைட் ஸ்திரீட் கான்வென்டில் படித்த அக்காளும் தங்கையும் அலம்னீ. யூ.எஸ்.எம். எனும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்த கணவனும் மனைவியும் அலம்னை.

மூன்றாவது விதியில்தான் ஓர் உறுத்தல் இருக்கிறது. தொண்ணூற்றொன்பது பெண்கள் நிற்கும் இடத்தில் ஓர் ஆண் வந்து சேர்ந்தால், லத்தீன் மரபுப்படி நூறு பேரும் ஆண்பால் பன்மைக்குள் போய்விடுகிறார்கள். தமிழில் இந்தச் சங்கடம் இல்லை. தொல்காப்பியம் உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றாகப் பிரிக்கிறது. பலர்பாலுக்குள் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. நூறு பெண்கள் வந்தாலும் 'வந்தார்கள்', நூறு ஆண்கள் வந்தாலும் 'வந்தார்கள்'. லத்தீனுக்குப் பலர்பால் என்று தனியாக ஒன்று இல்லாததால், ஆண்பாலே அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு குழம்புகிறது

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்தச் சொல்லில் தடுமாறுகிறார்கள். ஆனால் மலேசியத் தமிழருக்குத் தடுமாறக் கூடுதலாக மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, மலாய். கடன்வாங்கிய சொல்லை மலாய் தன் இலக்கணத்துக்குள் இழுத்துக்கொண்டது. மலாய்ப் பெயர்ச்சொல் பாலுக்காக மாற வேண்டியதில்லை. பன்மையை 'பாரா' போன்ற முன்சொல்லோ சொல்லிரட்டிப்போ காட்டும், பல சமயம் சூழலே காட்டிவிடும். அதனால் அலும்னி என்ற ஒரே வடிவம் ஒருவருக்கும் பலருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகிவிட்டது. 'செஓராங் அலும்னி' என்றால் ஒருவர், 'பாரா அலும்னி' என்றால் பலர். இதை லத்தீன் தெரியாதவர்களின் பிழை என்று பேசுவது அறியாமை. கடன்சொல் புகுந்த வீட்டின் வழக்கப்படிதான் நடக்கும். ஆங்கிலத்தில் 'அஜெண்டா' ஒருமை, ஆனால் லத்தீனில் அது பன்மை. அதற்காக எந்த ஆங்கிலேயரும் வருந்துவதில்லை. ஒருமை அலும்னி மலாய் வாக்கியத்தில் சரி. அதே ஒருமையைத் தூக்கி ஆங்கில வாக்கியத்தில் வைக்கும்போதுதான் பிழையாகிறது.

இரண்டாவது, மலாயிலேயே இருக்கும் சமஸ்கிருதப் பால்விகுதி. மலாய் பெயர்ச்சொற்களுக்குப் பால் இல்லை என்றாலும் சில கடன்சொற்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது: புத்ரா, புத்ரி; சௌடாரா, சௌடாரி; மஹாசிஸ்வா, மஹாசிஸ்வி. நம் சிஷ்யன்தான் அங்கே சிஸ்வா. இவற்றில் 'ஆ' என்று முடிந்தால் ஆண், 'இ' என்று முடிந்தால் பெண். இந்தப் பழக்கத்தோடு லத்தீனைப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அலம்னா ஆணாகவும், அலும்னி அதன் பெண்ணாகவும் படும். உண்மையில் லத்தீனில் 'ஆ' பெண் ஒருமை, ஐ எழுத்தில் முடிவது பன்மை. பள்ளியில் மஹாசிஸ்வி எழுதிப் பழகிய கை அலம்னாவை ஆணுக்கு எழுதினால் அதில் வியப்பில்லை.

மூன்றாவது, தமிழே. 'மாணவன்' என்பதை மரியாதையோடு சொல்ல 'மாணவர்' என்கிறோம். அந்த 'அர்' விகுதி அடிப்படையில் பலர்பாலுக்கு உரியது. ஒருவரைப் பன்மையில் சொல்வது நமக்கு மரியாதை. 'அலம்னஸ்' என்பதைவிட 'அலும்னி' சற்று கௌரவமாக ஒலிப்பதற்கு இந்த உள்ளுணர்வும் ஒரு காரணமாக இருக்கலாம். லத்தீனில் அப்படி மரியாதைப் பன்மை கிடையாது. ஐ எழுத்தில் முடிந்தால் தலை எண்ணிக்கை ஒன்றுக்கு மேல்.

இன்னொன்றும் உண்டு. பேனர்களில் சில வேளை 'அலும்னிஸ்' என்று பன்மைக்குமேல் பன்மை ஏறியிருக்கும். ஆங்கிலத்தில் அது பிழையே. ஆனால் சிரிப்பதற்குமுன் நம் 'மாணவர்கள்' என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். 'அர்' பன்மை, 'கள்' இன்னொரு பன்மை. தொல்காப்பியர் காலத்தில் 'கள்' அஃறிணைக்கு மட்டுமே உரியது. 'அர்' மரியாதை ஒருமையாகத் தேய்ந்தபின், பன்மையைக் காட்டக் 'கள்' வந்து ஒட்டிக்கொண்டது. அலும்னி ஒருமையாகத் தேய்ந்தபின் 'ஸ்' ஒட்டுவதும் அதே வழியில் நடப்பதுதான். தமிழில் அது இலக்கணமாகிவிட்டது, ஆங்கிலத்தில் இன்னும் ஆகவில்லை.

வாயால் சொல்லும்போது

எழுத்தில் சரியாகப் போட்டவரும் மேடையில் தடுக்கி விழுவது இங்கே. இரண்டு உச்சரிப்பு மரபுகள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கின்றன.

1. ஆங்கில மரபில் ஐ என்று முடியும் பன்மை 'அலம்னை' என்றும், ஏ-ஈ என்று முடியும் பெண்பால் பன்மை 'அலம்னீ' என்றும் ஒலிக்கும்.
2. பண்டைய லத்தீன் ஒலிப்பில் ஐ என்று முடிவது 'அலும்னீ', ஏ-ஈ என்று முடிவது 'அலும்னை'.
3. கத்தோலிக்கத் திருச்சபையின் லத்தீனில் முதலாவது 'அலும்னீ', இரண்டாவது 'அலும்னே'.
4. மலாயில் 'அலும்னி' ஒன்றுதான்.

முதலிரண்டையும் ஒட்டிவைத்துப் பாருங்கள். ஆங்கிலேயர் கலப்புக் கூட்டத்துக்குச் சொல்லும் கடைசி ஒலியும் பழைய லத்தீன்காரர் பெண்கள் கூட்டத்துக்குச் சொல்லும் கடைசி ஒலியும் ஒன்றே. மறுபக்கமும் அப்படியே. யார் எந்த மரபைப் பேசுகிறார் என்று தெரியாமல் காதால் மட்டும் கேட்டு இவற்றைப் பிரிக்க முடியாது.

ஆங்கிலத்தில் பேசும்போது ஆங்கில மரபையே பிடித்துக்கொள்வது நல்லது. கலப்புக் கூட்டத்தைப் பார்த்து "டியர் அலம்னை" என்றால் போதும். மலாய்ப் பழக்கத்தில் கடைசி ஒலியை 'னி' என்று சொன்னால் மலேசியாவில் எல்லாருக்கும் புரியும், யாரும் குறை சொல்லப்போவதில்லை. லண்டனிலோ மெல்பர்னிலோ நடக்கும் விழாவில் அதைக் கேட்பவர் பெண்களை மட்டும் வரவேற்பதாக நினைக்கலாம்.

ஆங்கிலத்தில் எழுதுவதற்கான வரிசை

எழுத உட்காரும்போது கேள்விகளை இந்த வரிசையில் கேட்க வேண்டும்.

1. வாக்கியம் எந்த மொழி? மலாய் என்றால் அலும்னி, வேலை முடிந்தது. ஆங்கிலம் என்றால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.
2. ஒருவரா, பலரா? பலர் என்றால் நான்காம் கேள்விக்குத் தாவலாம்.
3. ஒருவர் என்றால் ஆணா, பெண்ணா? ஆண் அலம்னஸ், பெண் அலம்னா. பெயரைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. தமிழ்ப் பெயர் தெரியாத அலுவலர் 'கண்மணி'யை எந்தப் பக்கம் போடுவார் என்று சொல்ல முடியாது. சீனப் பெயரில் நமக்கும் அதே கதிதான். தெரியாவிட்டால், அல்லது அந்த நபர் இரண்டு பாலிலும் தன்னை வைத்துப் பார்க்க விரும்பாவிட்டால், 'கிராஜுவேட்' அல்லது முன்னாள் மாணவர் என்ற பொருளில் 'ஃபார்மர் ஸ்டூடண்ட்' என்று எழுதலாம்.
4. பலர் என்றால் எல்லாருமே பெண்களா? ஆம் என்றால் அலம்னீ. ஓர் ஆணாவது இருந்தால், அல்லது உறுதியாகத் தெரியாவிட்டால், அலம்னை.

பேச்சுவழக்கில் விகுதியை வெட்டிவிட்டு 'அலம்' என்றும், பன்மையில் 'அலம்ஸ்' என்றும் சொல்வது பரவியிருக்கிறது. அமெரிக்காவில் இது மிகச் சாதாரணம். பால் பிரச்சினை வராது, எழுதுவதும் எளிது. ஆனால் அச்சிட்ட பத்திரத்திலோ விருதுப் பலகையிலோ சற்று இலகுவாகத் தோன்றும். இன்னொரு வேடிக்கை: படிகாரத்துக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தான். படிகாரத்தைச் சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் விழும், முன்னாள் மாணவரைச் சொல்லும்போது இரண்டாம் அசையில் விழும். வேரும் வேறு. முடிதிருத்தும் கடையில் கன்னத்தில் தேய்க்கும் கல்லுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உறவில்லை.

அடிக்கடி சறுக்கும் இடங்கள் சில:

1. உறுப்பினர் படிவம். மலாய்ப் படிவத்தில் 'நாமா அலும்னி' என்றிருப்பதை அப்படியே ஆங்கிலமாக்கி 'நேம் ஆஃப் அலும்னி' என்று போடுவார்கள். நிரப்புகிறவர் ஒருவர். ஆகவே 'நேம்' என்று மட்டும் இருந்தாலே போதும்.
2. பெயர் தானாக நிரம்பும் மொத்த மின்னஞ்சல். ஆயிரம் பேருக்குப் போனாலும் திறந்து படிப்பவர் ஒருவர்தான். "டியர் அலம்னஸ்" என்று போட்டால் பாதிப் பேருக்குத் தவறாகிவிடும். பெயரை நிரப்பும் வசதி இருக்கும்போது பெயரையே போடலாம். சுற்றறிக்கையாக எல்லாரையும் சேர்த்து விளித்தால் "டியர் அலம்னை" சரி.
3. அபாஸ்ட்ரஃபி, அதாவது உடைமையைக் காட்டும் மேல்குறி. 'அலம்னை டின்னர்', 'அலம்னை அசோசியேஷன்' போன்றவற்றில் முதற்சொல் அடையாக நிற்கிறது, அங்கே அபாஸ்ட்ரஃபியும் எஸ் எழுத்தும் வேண்டாம். ஒரு சங்கத்தின் பெயரில் பன்மை வருவதும் இயல்பு, சங்கம் என்றாலே பலர்தானே.
4. சுயவிவரக் குறிப்பு. பெயர் மேலேயே இருக்கிறது, கல்வித் தகுதி நடுவில் இருக்கிறது. மேலே ஒரு வரியில் "நான் இன்ன பல்கலைக்கழகத்தின் அலம்னஸ்" என்று எழுதுவதால் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை. பிழைக்கு ஒரு வாய்ப்பைக் கூட்டுவதுதான் மிச்சம்.

பினாங்கின் பழைய பள்ளிகளில்

பெண்கள் மட்டும் என்ற அலம்னீ வடிவத்துக்குப் பல நாடுகளில் இன்று வேலை குறைந்துவிட்டது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அப்படியில்லை. ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி என்று பிரிந்த பழைய பள்ளிகள் இங்கே ஏராளம். 1852இல் தொடங்கிய லைட் ஸ்திரீட் கான்வென்ட், கோலாலம்பூரின் புக்கிட் நானாஸ் கான்வென்ட் போன்றவற்றில் படித்துத் தேறிய பெண்களின் ஒன்றுகூடலுக்கு அலம்னீ மிகப் பொருத்தம்.

ஆண்கள் பள்ளிகளில்தான் சிக்கல் நுழைகிறது. 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலும் 1893இல் தொடங்கிய கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனும் ஆண்கள் பள்ளிகள் என்றே பெயர் பெற்றவை. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் பெண்களையும் சேர்த்துக்கொண்டவை. எனவே அவற்றின் முன்னாள் மாணவர் பட்டியலில் அலம்னாவும் உண்டு. பிரிட்டிஷ் மரபில் வந்த 'ஓல்டு பாய்ஸ்' என்ற பெயரைத் தாங்கும் சங்கத்துக்கு அங்கே ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதிய பெண்ணைக் குறிக்கச் சொல் இல்லை. லத்தீன் சொல்லுக்கு அந்தத் தடை இல்லை. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்காரர்கள் தங்களை 'ஓல்டு ஃப்ரீஸ்' என்று அழைத்துக்கொள்வது இந்த வகையில் கெட்டிக்காரத்தனம். அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, லத்தீனும் இல்லை.

பட்டதாரி வேறு, முன்னாள் மாணவர் வேறு

அலம்னஸ் என்றால் பட்டம் பெற்றவர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கில அகராதிகள் படித்தவர் அல்லது பட்டம் பெற்றவர் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கின்றன. இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டவரையும் இச்சொல் தாங்கும். யாரைச் சங்கத்தில் சேர்ப்பது என்பதை ஒவ்வொரு சங்கமும் தன் சட்டவிதியில் வரையறுத்துக்கொள்கிறது.

'கிராஜுவேட்' அப்படியில்லை. படி என்று பொருள்படும் 'கிராடுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. படி ஏறி முடித்தவர், அதாவது பட்டம் பெற்றவர் மட்டுமே. மலாயின் சிஸ்வாசாவும் தமிழின் பட்டதாரியும் இந்தப் பக்கம் நிற்பவை. மூன்றிலும் பால்விகுதி இல்லை. பட்டம் முடிக்காதவர் வேலை விண்ணப்பத்தில் அலம்னஸ் என்று எழுதினால் அகராதிப்படி பொய் ஆகாது. ஆனால் படிப்பவர் அவரைப் பட்டதாரி என்றே எண்ணுவார், நேர்காணலில் கேள்வி வரும்போது வலி கூடும். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை படித்தார் என்று எழுதுவதே பாதுகாப்பு. கற்பித்த ஆசிரியர் அந்தக் கல்விக்கூடத்தின் அலம்னஸ் ஆகமாட்டார், அவரும் அங்கே படித்திருந்தால் ஒழிய.

எமெரிட்டஸ், எமெரிட்டா

பல்கலைக்கழகச் செய்திகளில் பாலுக்காக மாறும் இன்னொரு சொல் எமெரிட்டஸ். ரோமப் படையில் உரிய காலம் பணியாற்றி முடித்து, அதற்கான மரியாதையோடு வெளியேறிய வீரனைக் குறித்த சொல் அது. இன்று ஓய்வுக்குப்பின் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் பேராசிரியருக்கு உரியது. ஓய்வுபெற்ற எல்லாப் பேராசிரியரும் எமெரிட்டஸ் ஆகிவிடுவதில்லை, பல்கலைக்கழகம் முறைப்படி வழங்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர் கூ கே கிம் அப்படி எமெரிட்டஸ் ஆனவர்.

விகுதி மாற்றம் முன்பு பார்த்ததுபோலவே. ஆணுக்கு எமெரிட்டஸ், பெண்ணுக்கு எமெரிட்டா, பலருக்கு ஐ எழுத்தில் முடியும் எமெரிட்டை, பெண்கள் பலர் என்றால் ஏ-ஈ. மலாயில் 'புரொபெசர் எமெரிட்டுஸ்' என்பது பெண்ணுக்கும் வழங்குகிறது.

ஆனால் இங்கே விகுதியைவிட முக்கியமான ஒன்று உண்டு. அலம்னா என்பது வருணனை, எமெரிட்டஸ் என்பது வழங்கப்பட்ட பட்டம். நியமனக் கடிதத்தில் எப்படி இருக்கிறதோ, அந்தப் பேராசிரியர் தன் பெயரோடு எதைப் போட்டுக்கொள்கிறாரோ, அதையே எழுத வேண்டும். பெண் என்பதால் 'எமெரிட்டா' என்று நாமாகத் திருத்தக் கூடாது. அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் சிறப்பு விருந்தினரின் மலேசிய விருதுப் பட்டம் டத்தோவா, டத்தினா, டத்தின் படுக்காவா என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்கிறோம் அல்லவா? கணவர் வழி வந்ததா, தாமே பெற்றதா என்பதில் பெயரே மாறிவிடுகிறது. அதே கவனம் இங்கும் வேண்டும்.

மாறாதவையும் ஏமாற்றுபவையும்

லத்தீன் வந்தாலே பால் பார்த்து மாற்ற வேண்டும் என்று பயப்பட வேண்டியதில்லை. 'கும் லௌடே' என்றால் பாராட்டுடன். 'ஹானோரிஸ் கௌசா' என்றால் மதிப்பின் பொருட்டு, நம் கௌரவ டாக்டர் பட்டம். 'இன் ஆப்சென்ஷியா' என்றால் நேரில் வராத நிலையில், விழாவுக்கு வராமல் பட்டம் பெறுபவருக்கு உரியது. இவை சொற்றொடர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

ஏமாற்றுபவை வேறு. 'கரிக்குலம் வீட்டே' என்பதில் இரண்டாம் சொல்லும் ஏ-ஈ என்றுதான் முடிகிறது. அது பெண்பால் பன்மை இல்லை, 'வாழ்க்கையின்' என்ற வேற்றுமை. லத்தீனில் ஒரே விகுதி இரண்டு வேலை செய்யும். 'டேட்டா' ஏ என்று முடிந்தாலும் பெண் ஒருமை இல்லை, 'டேட்டம்' என்ற அஃறிணைச் சொல்லின் பன்மை. 'ஸ்டேட்டஸ்' யூ-எஸ் என்று முடிந்தாலும் ஐ எழுத்துப் பன்மை அதற்குக் கிடையாது, லத்தீனில் அது வேறொரு சொற்குடும்பம். 'கேம்பஸ்' லத்தீனில் ஐ எழுத்துப் பன்மை பெறும், ஆனால் ஆங்கிலத்தில் எல்லாரும் 'கேம்பஸஸ்' என்கிறார்கள். விகுதியை மட்டும் பார்த்து விதி போட்டால் இப்படி மாட்டிக்கொள்ள நேரும்.

தமிழில் எழுதும்போது

தமிழ் அழைப்பிதழிலும் செய்தியிலும் லத்தீன் விகுதிகளை இழுத்துக்கொண்டு வரத் தேவையே இல்லை. 'அலம்னாவான திருமதி' என்று எழுதினால் படிப்பவருக்குப் புரியாது. 'அலும்னிகள்' என்று எழுதினால் புரியும், ஆனால் முன்னாள் மாணவர்கள் என்ற சொல் பக்கத்திலேயே இருக்கும்போது அதற்கு என்ன அவசரம்?

1. ஒருவர், ஆணோ பெண்ணோ: முன்னாள் மாணவர்.
2. பெண் என்பதைக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும்: முன்னாள் மாணவி.
3. பலர்: முன்னாள் மாணவர்கள். பலர்பால் என்பதால் 'மாணவ மாணவியர்' என்று விரிப்பது விருப்பம்தான்.
4. பெண்கள் பள்ளி: முன்னாள் மாணவியர். அலம்னீக்கு இதைவிட நேரான தமிழ் கிடையாது.
5. பட்டம் பெற்றவர்: பட்டதாரி.
6. எமெரிட்டஸ், எமெரிட்டா இரண்டுக்கும்: தகைசால் பேராசிரியர்.

சங்கத்தின் பதிவுபெற்ற பெயரில் 'அலும்னி' இருந்தால் அதை மொழிபெயர்க்காமல் பெயராகவே வைத்துக்கொள்ள வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் சங்கம் 'பெர்சத்துவான் அலும்னி யூனிவர்சிட்டி மலாயா'. தமிழ்ச் செய்தியில் முதன்முறை இந்தப் பெயரையும், அதன்பின் 'முன்னாள் மாணவர் சங்கம்' என்றும் எழுதலாம். தமிழ்ப்பள்ளிகளின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் பேனர்களிலும் 'முன்னாள் மாணவர் சங்கம்' என்ற பெயர்தான் நெடுநாளாகப் புழங்குகிறது. அந்த 'மாணவர்' என்ற ஒரே சொல்லுக்குள் 1960களில் படித்த பாட்டியும் போன ஆண்டு வெளியேறிய பேரனும் சேர்ந்தே இருக்கிறார்கள்.